பேய்கள் குறைதீர்க்கும் நாள்

அனுப்புநர்: பேய்ப்பட ரசிகன், அரூர், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், சென்னை.

பொருள்: பேய்களிடம் மனு வாங்குவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயன்மீர்,

விடுமுறை நாள் மதியம் என்றால் ஏதாவதொரு சேனலில் பேய்ப்படம் இருக்கும்; அதில் வியப்பில்லை. அதற்கு 'குடும்பத்துடன் கண்டு களியுங்கள்' என்று விளம்பரம் வருவதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத அவமானம் டிவிக்கு எதிரே, கிண்ணமும் கையுமாக நடக்கிறது. ரசஞ்சாதம் ஊட்டிக்கொள்ளும் பிள்ளை பேய் வரும்போது ஆவென்று வாயைத் திறக்கிறது. பேய் மறைந்து காதல் பாட்டு தொடங்கினால்தான் சிணுங்குகிறது. 'சாப்பிடலேன்னா பூச்சாண்டி வந்துடுவான்' என்று மிரட்டிய நாடு இது. இன்று 'சாப்பிட்டாத்தான் காஞ்சனா போடுவேன்' என்று ஆசை காட்டுகிறார்கள். பேயைக் காட்டிச் சோறு ஊட்டும் உயரத்துக்குத் தமிழ்ப் பேயைக் கொண்டுவந்து நிறுத்திய பெருமை தங்கள் சங்கத்தையே சாரும். காஞ்சனாவின் நான்காம் பாகத்துக்கான வேலை நடப்பதாகவும் அறிகிறோம். பாப்பாவுக்குப் பசிக்கிறது, சீக்கிரம் முடியுங்கள்.

தாங்கள் பேயை எப்படி வெல்கிறீர்கள் என்று பார்த்தால் மந்திரவாதி, எலுமிச்சை, தகடு எல்லாம் ஒப்புக்குத்தான். உண்மையான ஆயுதம் மனு. முதல் பாதியில் கதவு தானே திறக்கிறது, பொம்மை தலையைத் திருப்புகிறது, விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. இதெல்லாம் பேய் வரிசையில் நிற்கும் நேரம். இடைவேளைக்குப் பிறகு அதன் டோக்கன் எண் அழைக்கப்படுகிறது, பிளாஷ்பேக் தொடங்குகிறது. பெயர், ஊர், இறந்த விதம், எதிரிகள் விவரம், கோரும் நிவாரணம் என்று ஒரு பத்தி விடாமல் பேய் ஒப்பிக்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இவ்வளவு தெளிவாக மனு எழுத வராது. 'முனி' (2007) படத்தில் முனியாண்டியின் மனு ஓர் எம்.எல்.ஏ. மீது. 'காஞ்சனா' (2011) கொடுத்தது நில அபகரிப்பு மனு. அதே 2011இல்தான் தமிழக அரசு நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகளை அமைத்தது. காஞ்சனா கொஞ்சம் பொறுத்திருந்தால் யார் உடம்பிலும் ஏறாமல், நேராக அங்கேயே போய் ரசீது வாங்கியிருக்கலாம்.

ஒரு திருநங்கையின் வலியை லட்சக்கணக்கான பேரை உட்காரவைத்துக் கேட்கவைத்தது அந்தப் படம். சரத்குமார் நடித்த அந்தப் பகுதியைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் அழவைக்கிற பேய் அடுத்த காட்சியில் பயமுறுத்த முடியாது என்பதும் உண்மை. பேயின் நியாயம் விளங்கிய நிமிடத்தில் நாம் அதன் கட்சிக்காரர்கள் ஆகிவிடுகிறோம். அது வில்லனின் கழுத்தைத் திருகும்போது விசில் அடிக்கிறோம். அதன் பிறகு தியேட்டரில் பயப்படுகிற ஒரே ஆள் வில்லன்தான். 'அரண்மனை' இந்த நடைமுறையை ஒரு துறையாகவே வளர்த்துவிட்டது: 2014, 2016, 2021, 2024 என நான்கு பாகங்கள். கட்டடம் மாறுகிறது, மனுதாரர் மாறுகிறார், மனுவின் வாசகம் மாறுவதில்லை. நான்காம் பாகத்தில் தீர்ப்பு நாளன்று குஷ்புவும் சிம்ரனும் அம்மன் பாட்டுக்கு ஆடினார்கள். அம்மன் வந்து கையெழுத்துப் போட்டால் கோப்பு முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அநியாயமாகச் செத்தவர் ஆவியாகத் திரும்பி வருவது நம் மரபுதானே, நாங்கள் என்ன புதிதாகக் கண்டுபிடித்தோமா என்று தாங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பழையனூர் நீலியும் மனு கொடுத்தவள்தான். கணவன் கையால் கொலையுண்டவள், மறுபிறவியில் வணிகனாக வந்தவனை விடாமல் துரத்துகிறாள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னை விட்டுவிட்டுப் போகிறான் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேரும் அவள் கண்ணீரை நம்பி, இவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். வாக்குத் தவறாத எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அந்த மனுவே பொறி. இரக்கப்பட்டவன் எல்லாம் செத்தான். அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பெயரைக் கேட்டால் உள்ளே எதுவோ அசைகிறது. எங்கள் பக்கத்து முனியப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய மீசை, பிதுங்கிய கண், கையில் அரிவாள். ராத்திரியில் அந்த வழியே போகிறவன் வண்டியை மெதுவாக்கி நெஞ்சைத் தொட்டுக்கொண்டுதான் தாண்டுவான். கிடாய் வெட்டுகிறோம், சுருட்டு வைக்கிறோம். 'ஐயா, தங்களுடைய பிளாஷ்பேக் என்ன?' என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. மரபில் பேயின் கணக்கு முடிவதே இல்லை. வருடா வருடம் வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தங்கள் படத்தில் பதினைந்து நிமிடத்தில் அசலோடு அடைந்துவிடுகிறது. மரபு என்ற பெயரில் தாங்கள் எடுத்துக்கொண்டது அநியாயச் சாவை மட்டும். தீராத கணக்கை அங்கேயே விட்டுவிட்டீர்கள்.

பதினைந்து நிமிடம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தன. வீடுகளைச் சூறையாடினார்கள், ஆண், பெண் பார்க்காமல் அடித்தார்கள், பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். அந்தப் பெண்கள் ஆவியாகி அல்ல, உயிரோடு மனு கொடுத்தார்கள். தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று சொன்னது 2011 செப்டம்பர் 29இல். அதற்குள் அவர்களில் 54 பேர் நிம்மதியாகச் செத்துப்போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தொரு வருடம். எந்த மரமும் ஆடவில்லை, எந்தக் கதவும் தானே மூடவில்லை, எந்த அதிகாரியின் கழுத்தும் திரும்பவில்லை. பயம் என்றால் என்னவென்று இந்த மண்ணுக்குத் தெரியும் ஐயா. அது காக்கிச் சட்டையில் ஜீப்பில் வந்து இறங்கியது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களிடம், கொலையுண்டவள் நியாயம் கேட்டாள், அம்மன் ஆடினாள், உடனே கிடைத்தது என்று வருடத்துக்கு ஒருமுறை டிக்கெட் போட்டு விற்கிறீர்களே, கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். மனுவில் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று தங்கள் பேய்களிடம்தான் கற்க வேண்டும். ரீமேக் விஷயத்துக்கு வருகிறேன். அதில் தங்கள் சாதனை தனி. பாசிலின் 'மணிச்சித்திரத்தாழு' (1993) கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) ஆகி, தமிழில் 'சந்திரமுகி' (2005) ஆனது. மலையாளத்தில் பேயாக வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. தமிழுக்கு வந்ததும் தெலுங்கில் பாடுகிறாள். இந்திக்குப் போய் 'பூல் புலையா' (2007) ஆனதும் வங்காளத்து மஞ்சுளிகா. பேய் என்றால் அடுத்த மாநிலத்துக்காரியாகத்தான் இருக்க வேண்டும், உள்ளூர் முகவரி கொடுத்தால் மனு தள்ளுபடி என்று நாடு முழுக்க ஏதோ சுற்றறிக்கை போயிருக்கிறது. ஆனாலும் 'சந்திரமுகி' நல்ல ரீமேக் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியதைக் கணக்கில் எடுக்காமலே சொல்கிறேன். காரணம், அந்தக் கதையில் பேயே கிடையாது. இருப்பது நாயகி கங்காவின் மனம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி ராத்திரி யாராக எழுந்திருப்பாள் என்று தெரியாத பயம். கடைசியில் டாக்டர் ஒரு பொம்மையைக் கொடுத்து அவளுடைய மனுவை முடித்துவைக்கிறார். மனுதாரருக்கே தெரியாத தீர்வு. பதினெட்டு வருடம் கழித்து 'சந்திரமுகி 2' (2023) வந்தது. நோய் என்று தீர்ப்பு எழுதிய அதே இயக்குநர், மேல்முறையீட்டில் பேய்தான் என்று திருத்தி எழுதிவிட்டார். முதல் படத்தைக் கொண்டாடியவர்களுக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டாம். ரீமேக்கே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) 1951இல் வந்த படத்தின் மறு ஆக்கம்தான். மூலத்தைத் தாண்டி நிற்கிறது. 'சைக்கோ'வை ஷாட் மாறாமல் 1998இல் திரும்ப எடுத்தபோது பயம் மட்டும் வரவில்லை. மூலத்தில் பயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவன் எடுத்தால் ரீமேக். தெரியாதவன் எடுத்தால் ஜெராக்ஸ். 1978இல் காலையே விறகாக அடுப்பில் வைத்து எரித்த 'ஜெகன்மோகினி' பேயை நினைத்துப் பாருங்கள். ஏன் காலை வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. 2009இல் அதே பெயரில் நமீதாவை வைத்து எடுத்தார்கள். அதிலிருந்து இன்று யாருக்காவது எந்தக் காட்சியாவது நினைவிருக்கிறதா?

ஜனங்கள் சிரிக்கத்தான் வருகிறார்கள், வியாபாரம் வேண்டாமா என்பது தங்களுடைய அடுத்த வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. 2011 முதல் 'யு' சான்றிதழ் இருந்தால்தான் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு விதி வைத்தது. அதோடு, 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் டிவிக்கு ஆகாது. சாட்டிலைட் உரிமை போச்சு. பயமுறுத்தினால் அபராதம், சிரிக்கவைத்தால் தள்ளுபடி என்றால் எந்தத் தயாரிப்பாளரும் சிரிக்கத்தான் வைப்பார். ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த வரி விலக்குக் கதை முடிந்தது. 2024 விதிகளில் யு/ஏ சான்றிதழே ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஓடிடி வந்து வருடங்கள் ஆகிவிட்டன. விலங்கைக் கழற்றிய பிறகும் கைதி அதே மூலையில் உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பின் மேலும் எனக்கு விரோதமில்லை. 'யாமிருக்க பயமே' (2014) சிரிக்கவைத்துக்கொண்டே விதிர்க்கவும் வைத்தது. சாம் ரெய்மி 'ஈவில் டெட்'டின் இரண்டாம் பாகத்தை (1987) பாதி நகைச்சுவையாகவே எடுத்தார். அங்கே சிரிப்பு பயத்தின் வயிற்றிலிருந்து வருகிறது. இங்கே சிரிப்பு, பேய் வரும்வரை நேரத்தை ஓட்ட, நான்கு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுவதிலிருந்து வருகிறது.

நம்மால் முடியாது என்பதும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். 'யாவரும் நலம்' (2009) மதியம் ஒரு மணி டிவி சீரியலை வைத்தே வீட்டுக்குள் நடுக்கத்தைக் கொண்டுவந்தது; ரத்தம் சிந்தி அல்ல, அந்த நேரம் நெருங்குவதை வைத்து. அதே வருடம் 'ஈரம்' சொட்டும் தண்ணீரைப் பார்த்தாலே கூசவைத்தது. 'பீட்சா' (2012) ஒருபடி மேலே போய்ப் பொய் மனு கொடுத்தது: மொத்தப் பேய்க்கதையும் வைரத்துக்காகச் சொன்ன புளுகு என்று தெரிந்து நாம் ஆசுவாசப்படும்போதுதான் நிஜமான கதவு மூடுகிறது. அதன் பேரில் வந்த இரண்டாம், மூன்றாம் பாகங்களுக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தம் ஏதுமில்லை; பெயர்ப்பலகையை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மிஷ்கினின் 'பிசாசு' (2014). அந்தப் பெண்ணிடமும் வலுவான மனு இருந்தது, எதிரியின் பெயரும் தெரியும். அவள் அதைக் கொடுக்கவே இல்லை. தன் மேல் காரை ஏற்றியவனுக்கு அது தெரியக் கூடாது என்று மறைத்துக்கொண்டு, அவன் வீட்டிலேயே ஒண்டியிருக்கிறாள். மனுவைத் தானே கிழித்துப்போட்ட ஒரே தமிழ்ப் பேய் அவள்தான். படம் முடிந்து எழுந்து போனவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பயமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே ஐயன்மீர், என் கோரிக்கை எளியது. செலவும் இல்லாதது; மிச்சமே ஆகும். அடுத்து வரும் பேயிடம் பிளாஷ்பேக் கேட்காதீர்கள். ஒரே ஒரு படத்தில் சோதித்துப் பாருங்கள். அந்தப் பதினைந்து நிமிட செட், விக், வில்லனின் வெள்ளை வேட்டி, அம்மன் பாட்டுக்கான நூறு நடனக்காரர்கள் எல்லாம் மிச்சம். அந்தப் பணத்தில் கொஞ்சத்தைப் பழைய பிரதிகளைத் துலக்கச் செலவழியுங்கள். 'மணிச்சித்திரத்தாழு' 2024 ஆகஸ்டில் 4கே-யில் திரும்ப வந்தது. அடுத்த மாதமே வந்த 'தும்பாட்' மறுவெளியீட்டில் முதல் வெளியீட்டைவிட அதிகம் சம்பாதித்தது. நம்மிடம் ஜெயலலிதா நடித்த 'யார் நீ?' (1966) இருக்கிறது, ரஜினிகாந்த் நடித்த 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) இருக்கிறது, 'மை டியர் லிசா' (1987) இருக்கிறது. முதலிலும் கடைசியிலும் சொன்னவை வேற்றுமொழிப் படங்களின் ரீமேக்தான். நடுவில் உள்ளதும் மலையாளத்து 'யக்ஷகானம்' வழி வந்ததே. அதனால் என்ன? ஐந்தாம் பாகத்துக்குப் பூஜை போடுவதற்கு முன் இவற்றில் ஒன்றை நல்ல ஒலியோடு அரூர் வரைக்கும் அனுப்பிவையுங்கள். பாப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் படங்களுக்கு இன்னும் முதல் நாள் டிக்கெட் எடுக்கும்,
பேய்ப்பட ரசிகன், அரூர்.

நகல்: ஊர் எல்லை முனியப்பன் (தகவலுக்காக மட்டும். அவர் தரப்பில் மனு எதுவும் இல்லை).