பாஸ்போர்ட்டில் சுழி

பில்த் வெல்ஸ், வேல்ஸ்
ஆடி மாதம், ஞாயிறு

அன்புள்ள அப்புச்சிக்கு,

பேரன் எழுதிக்கொண்டது. நான் நலம். அம்மாயிக்கு மூட்டுவலி தேவலையா? "முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலைன்னு சொல்லிட்டுப் போனவன், குதிரைக்குட்டி புடிச்சுட்டு ஓடற போட்டோ அனுப்பியிருக்கான், வேலை போயிருச்சான்னு கேளுங்க" என்று அம்மா உங்களிடம் புலம்பியதாகக் கேள்வி. வேலை போகவில்லை. சனிக்கிழமை லீவு, அவ்வளவுதான்.

என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். அதன் சொந்தக்காரப் பாட்டிக்கு 72 வயது. வருஷா வருஷம் தாய்க் குதிரையை மகளும் குட்டியைப் பாட்டியும் பிடித்துக்கொண்டு கண்காட்சிக்குப் போவார்கள். இந்த வருஷம் பாட்டி வேலி தாண்டும்போது விழுந்து தோளைக் கழற்றிக்கொண்டார். "நீ குதிரைச் சந்தை ஊர்க்காரன்தானே, பாக்?" என்றார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் 'பாக்' என்பார்கள். நம்ம பக்கத்துக் 'கண்ணு'தான், வேறொன்றும் இல்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையைப் பற்றி ஒரு நாள் டீ குடிக்கும்போது நான் அளந்து விட்டதன் பலன் இது. உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பார்த்ததோடு சரி என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

குதிரை என்றதும் சந்தைக்கு வரும் மார்வாரியை நினைக்காதீர்கள். இது மலை மட்டக்குதிரை. 12 கைக்கு மேல் போனால் இந்தப் பிரிவில் சேர்க்க மாட்டார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம், ஆக மொத்தம் நாலடி. நாம் முழம் போட்டுப் பூ வாங்குகிறோம் என்றால் சிரிக்கிற ஊர், குதிரையை மட்டும் கையால்தான் அளக்கிறது. 1901-ல் ஆரம்பித்த ஒரு சங்கம் இதற்கெல்லாம் வம்சாவளி எழுதி வைத்திருக்கிறது. 1894-ல் பிறந்த டையோல் ஸ்டார்லைட் என்ற வெள்ளைக் குதிரையிலிருந்து பாட்டி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். எனக்கு உங்கள் அப்பா பெயருக்கு மேல் தெரியாது.

தாய் நல்ல வெள்ளை. குட்டி கறுப்பு. போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுத முடியாது. பாட்டி மேல் சத்தியமாக அப்பனும் வெள்ளைதான். இந்த வெள்ளை வம்சம் பிறக்கும்போது கறுப்பாகவோ செம்பட்டையாகவோதான் இருக்குமாம். வளர வளர நரைக்குமாம். குட்டியின் கண்ணைச் சுற்றி இப்போதே நரை விழுந்து, மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி இருக்கிறது. வயது இரண்டரை மாதம். ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன்: போன மாதம் வரை அது தாயின் சாணியைத் தின்றுகொண்டிருந்தது. நான் பதறிப் போனேன். வயிற்றுக்கு வேண்டிய கிருமி அதிலிருந்துதான் கிடைக்கிறது, விடு என்றார் பாட்டி.

இரண்டு வாரம் பயிற்சி. குட்டிக்கு முகக்கயிறு போட்டு இழுத்தால் அது பின்னால் போகும். அதனால் இன்னொரு கயிற்றைப் பின்தொடையைச் சுற்றிப் போட்டு, முன்கயிற்றைத் தளர்த்தி, பின்கயிற்றைச் சுண்ட வேண்டும். அப்போது குட்டிக்கு யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற நினைப்பு வந்து முன்னே நடக்கும். சர்க்கார் ஆபீஸ் கோப்பு நகர்வதும் இப்படித்தான்.

வண்டியில் ஏற்றுவது தனிக் கதை. டிரெய்லருக்குள் இருக்கும் நடுத்தடுப்பைக் கழற்றிவிட்டு, வைக்கோல் பரப்பி, தாயை மட்டும் கட்டுவார்கள். குட்டி அவிழ்த்துவிட்டபடியே வரும். வழியெல்லாம் பால் குடிக்க வேண்டுமே. குதித்துவிடாமல் இருக்கப் பின்பக்கம் மேலே வரைக்கும் அடைத்துவிட வேண்டும். தாய் ஏறிவிட்டது. குட்டி சாய்வுப் பலகையில் ஒரு குளம்பை வைத்தது, சத்தம் கேட்டது, எடுத்துவிட்டது. கடைசியில் நானும் பாட்டியின் மகளும் அதன் பின்னால் கைகோத்து, சாமி பல்லக்குத் தூக்குகிற மாதிரி உள்ளே தள்ளினோம். போகும் வழியில் என் பெட்டியைவிட அதிக காகிதம் இருந்தது தாய்க் குதிரையின் பையில்தான். இங்கே குதிரைக்கெல்லாம் பாஸ்போர்ட் கட்டாயம், அப்புச்சி. பயணத்தில் கூடவே இருக்க வேண்டும்.

நாங்கள் போனது பக்கத்துக் கிராமத்துக் கண்காட்சி. பெரிய விழா எங்கள் ஊரை ஒட்டியே, லானெல்வெத்தில் நடக்கும். 1904-ல் ஆரம்பித்து ஊர் ஊராகச் சுற்றி, 1963-லிருந்து ஒரே இடத்தில். அதற்குக் குட்டியைக் கொண்டுபோக இன்னும் ஒரு ஜன்மம் வேண்டும், எனக்கு.

'குட்டியோடு தாய்' பிரிவில் நாலு ஜோடி. டை கட்டி, வெயிஸ்ட் கோட் மாட்டி, வட்டமாக நடந்தோம். நடுவர் வட்டத்தொப்பி போட்ட ஒரு பெரியவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டுப் பெரிய மாமா மாதிரி நின்றார். ஒவ்வொரு ஜோடியும் அவரிடமிருந்து நடந்து போய், திரும்பி ஓட்டமாக வர வேண்டும். எங்கள் முறை. தாய் காலைத் தூக்கித் தூக்கி வைத்து அழகாக ஓடியது. நானும் குட்டியும் பக்கத்தில். பாதி வழியில் குட்டிக்குப் பசி. நேரே தாயின் மடிக்குள் தலையை விட்டது. தாய் நின்றுவிட்டது. மகள் இழுக்கிறாள், நான் பின்னாலிருந்து சுண்டுகிறேன், குட்டி வாலை ஆட்டிக்கொண்டு குடிக்கிறது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன்.

பிறகு குட்டியைத் தனியாகப் பார்க்க வந்தார். குட்டி கழுத்தை நீட்டி, உதட்டைச் சுருட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. பல்செட் கழற்றிவைத்த நம்ம கோயில் பூசாரி வெற்றிலை மெல்கிற மாதிரி. கடிக்கப் போகிறது என்று நான் கயிற்றை இழுத்தேன். "விடு, மரியாதை செய்கிறான்" என்றார் நடுவர். 'நான் சின்னப் பையன், அடிக்காதீங்க' என்று பெரிய குதிரையிடம் சொல்லும் பாஷையாம் அது. தொப்பியைப் பார்த்து யாரோ பெரிய குதிரை என்று நினைத்திருக்க வேண்டும்.

தாய்க்கு மூன்றாம் பரிசு, மஞ்சள் ரிப்பன். குட்டிக்கு நாலாம் பரிசு, பச்சை. நாலு குட்டிதான் வந்திருந்தன என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ரிப்பன் கட்டிக்கொண்ட கையோடு குட்டி புல்லில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது. மூன்று பேரும் அதைச் சுற்றி நின்று முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். யாருக்கும் எழுப்ப மனசு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குட்டிக்கும் பாஸ்போர்ட் எடுக்கப் போன வாரம் கால்நடை டாக்டர் வந்தார். கழுத்தின் இடது பக்கம் ஊசியால் சிப் வைத்தார். அதில் 15 இலக்க நம்பர். அப்புறம் குதிரைப் படம் போட்ட ஒரு தாளை எடுத்து, குட்டியை நெற்றியிலிருந்து தடவித் தடவிப் பார்த்து அங்கங்கே பெருக்கல் குறி போட்டார். என்ன என்று எட்டிப் பார்த்தேன். சுழி! நீங்கள் சந்தையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தடவுவீர்களே, அதே தடவல், அதே இடங்கள். ஒரே வித்தியாசம், இவர்கள் அடையாளத்துக்காக மட்டும் குறிக்கிறார்களாம். எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பாட்டியைப் பார்த்தார். பாட்டி என்னைப் பார்த்தார். "அதுக்கும் அர்த்தம் இருக்கா?" என்று பாட்டி அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர் இன்னும் விடவில்லை. உங்களிடம் கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் போட்ட படத்தைப் பார்த்து வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நெற்றியில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு, கழுத்தில் பிடரிக்குப் பக்கம் இடது வலதாக ஒவ்வொன்று. பால் மறந்ததும் குட்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்று பாட்டி யோசனையில் இருக்கிறார். சுழி ஆகாது என்றால் எனக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். அவரிடம் ராஜ சுழி என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
தங்கள் பேரன்