சைடு பேனல் அபாவ விசாரம்

மோட்டார் சைக்கிள் என்னும் வாகனத்தின் அவயவங்களுள் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் கிடைத்த கௌரவத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, ஆசனத்தின் கீழே பாட்டரியையும் ஒயர்க் கற்றையையும் ஊரார் கண்ணுக்கு மறைத்து நிற்கும் சைடு பேனலுக்குக் கிடைக்கவில்லை என்பது நெடுநாளாக என் மனத்தை உறுத்திவந்த குறையாகும். அக்குறையைப் போக்க இப்போது எழுதுகோலை எடுத்ததற்குத் தூய அறிவு வேட்கையே காரணம் என்று சொல்லத்தான் ஆசை. உண்மை யாதெனில், சென்ற ஐப்பசியில் கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் இடையே எங்கேயோ, என் வண்டியின் வலப்பக்கப் பேனல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டது.

முன்னோர் காலத்தில் இந்த ஆராய்ச்சிக்கு அவசியம் நேர்ந்திராது. 1950-களில் சென்னையில் தயாராகத் தொடங்கிய புல்லட்டின் இருபுறமும் இருந்தவை இரும்புத் தகட்டுப் பெட்டிகள். அவற்றுள் ஒன்று கழன்று விழுந்தால் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். இக்காலத்துப் பேனலோ பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆயது; அது விழும் ஓசை பின்னால் வரும் லாரியின் ஹாரனுக்குள் அடங்கிவிடும்.

அது வண்டியோடு ஒட்டி நிற்கும் வகையைச் சற்று நோக்குவோம். பேனலின் உட்புறத்தில் சுண்டுவிரல் நுனியளவு முளைகள் இரண்டோ மூன்றோ உண்டு; வண்டியின் சட்டத்தில் பொருத்திய ரப்பர் புஷ்களுக்குள் அவை அழுந்தி நிற்க, சில வண்டிகளில் ஒரு ஸ்க்ரூவும் காவலுக்கு அமர்த்தப்படுகிறது. இன்ஜின் நிமிஷத்துக்கு 4,800 சுற்றுச் சுற்றுமாயின், விநாடிக்கு 80 முறை பிஸ்டன் ஏறி இறங்கும். அரைமணிப் பயணத்தில் 1,44,000 முறை அந்த ஸ்க்ரூ ஆட்டிவைக்கப்படுகிறது. இவ்வாறு ஆட்டுண்ட மறையாணி தானே கழலுவது ஏன் என்பதை 1969-இல் ஜெர்மானியராகிய யுங்கர் ஆராய்ந்து, ஆணியின் நெடுக்கே வரும் அதிர்வைவிடக் குறுக்கே வரும் அதிர்வே அதைக் கழற்றுவதில் வல்லது என்று நிலைநாட்டினார். நம் தெருமுனை மெக்கானிக் இதையே, “லூசாயிடும் சார்” என்று சூத்திர வடிவில் சொல்வார்.

ரப்பரின் கதை இதனினும் பரிதாபமானது. இன்ஜின் சூட்டிலும் வெயிலிலும் நாளடைவில் அது இறுகிக் கல்லாகிறது. இறுகிய புஷ்ஷிலிருந்து, தண்ணீர் சர்வீஸ் செய்யும் பையன் பேனலைக் கோணலாகப் பிடித்து இழுக்கும்போது, முளையின் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. சோப்பு நீர் சிறிது தடவி நேராக அழுத்தினால் முளை நோகாமல் ஏறும். எண்ணெய் தடவுவாரும் உளர். அது ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஸ்க்ரூவுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உலோகத்தாலான சிறு குழல் ஒன்று இருத்தல் வேண்டும். முறுக்கும் விசையைத் தான் தாங்கிக்கொண்டு ரப்பரை நசுங்காமல் காப்பது அதன் தர்மம். அக்குழல் ஒவ்வொரு சர்வீஸின்போதும் மெக்கானிக் ஷெட்டின் மண்ணில் ஐக்கியமாவது அதன் கர்மம்.

கழலாமல் ஒட்டவைக்கும் திரவங்களும் இல்லாமல் இல்லை. 1953-இல் வெர்னன் கிரீபிள் என்னும் அமெரிக்க ரசாயனப் பேராசிரியர், காற்றுப் படாத இடத்தில் மட்டும் இறுகும் அதிசயத் திரவம் ஒன்றைக் கண்டு லாக்டைட் என்னும் பசைக்கு வித்திட்டார். இரும்போடு இரும்பைப் பிணைப்பதில் அதற்கு நிகரில்லை. சிலவகைப் பிளாஸ்டிக்கின் மேல் பட்டாலோ விரிசல் விடச் செய்யும். இவ்வுண்மையை நான் நூலில் கற்கவில்லை. இடப்பக்கப் பேனலில் கற்றேன்.

இனி வாரண்டி. இந்தச் சொல்லின் பொருளைப் பிளந்து காண்பது பிரம்ம சூத்திரத்துக்கு உரை காண்பதை ஒத்த காரியம். என்னிடமுள்ள சிறு புத்தகம், மூலப்பொருளிலோ செய்நேர்த்தியிலோ குறை காணப்படின் அவ்வுறுப்பைப் பரிசோதித்து மாற்றித் தருவதாக முதற்பக்கத்தில் வாக்களித்து, ரப்பர், பிளாஸ்டிக், தேய்மானம் ஆகியவற்றைக் கடைசிப் பக்கத்தில் எறும்பெழுத்தில் விலக்குகிறது. இருந்தும் நம்பிக்கையோடு சர்வீஸ் நிலையத்துக்குச் சென்றேன்.

“பார்ட்டைக் கொண்டுவாங்க சார், செக் பண்ணிட்டுச் சொல்றோம்” என்றார் மேற்பார்வையாளர்.

“பார்ட் இருந்தால் நான் எதற்கு ஐயா வருகிறேன்?”

“பார்ட் இல்லாம டிஃபெக்ட்டை எப்படி சார் பாக்கறது?”

சட்டென்று எனக்கு மணிமேகலைக் காப்பியம் நினைவுக்கு வந்தது. வஞ்சி மாநகரத்து அளவைவாதி, அறிவுக்கு வழியாகத் தான் கொண்ட பத்துப் பிரமாணங்களுள் அபாவத்தையும் ஒன்றாக எண்ணினான்; ஒரு பொருள் இல்லை என்று அறிவதும் அறிவே என்பது அவன் துணிபு. மேற்பார்வையாளர் காட்சியளவையை மட்டுமே ஒப்புபவராதலின், இந்த விஷயத்தில் அவரைப் பூதவாதி என்றே கொள்ளல் வேண்டும்.

நான் விடவில்லை. மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல, புஷ்ஷில் சிக்கியிருந்த முளைநுனியைக் காட்டிப் பேனல் முன்பு இருந்ததை அனுமானத்தால் சாதித்தேன். அவர் குனிந்து பார்த்து, முளை உடைந்திருப்பதால் இது வெளி அடி என்றும், உடையாமல் கழன்றிருந்தால் அது பராமரிப்புக் குறை என்றும், இரண்டும் வாரண்டியில் சேரா என்றும் தீர்ப்பளித்தார். காஞ்சியருகே பிறந்ததாகச் சொல்லப்படும் பௌத்த தார்க்கிகர் திங்நாகரின் மரபினர் கூட இத்துணைக் கச்சிதமாக இரு வாயிலையும் அடைத்ததில்லை.

அபாவத்தைத் தார்க்கிகர் நால்வகையாக்குவர். பானை உடைந்தபின் உண்டாவது பிரத்வம்சாபாவம். அது வனையப்படும் முன் இருந்தது பிராகபாவம். என் பேனல் அழியவில்லை. பல்லாவரத்துச் சாலையோரம் எங்கேயோ அது நலமாகவே கிடக்கக்கூடும். எனவே முதல்வகையில் அதை அடக்க ஒண்ணாது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, மேற்பார்வையாளர் சற்றும் தயங்காமல் இரண்டாம் வகைக்குத் தாவிவிட்டார்: “டெலிவரி எடுக்கும்போது இருந்துச்சா சார்?”

வீட்டில் தேடினேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் ஹாண்டில்பாரில் சாமந்தி மாலையுமாய்க் கோயில் வாசலில் எடுத்த புகைப்படம் ஒன்று அகப்பட்டது. அது இடப்பக்கமிருந்து எடுக்கப்பட்டது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு சொல். இருசக்கர வாகனத்தின் துணைப்பொருள் களவுபோனால், வண்டியும் உடன் களவுபோனாலன்றி ஈடு கிடையாது என்பது பாலிசியின் விதி. விபத்தில் பிளாஸ்டிக் உடைந்தாலோ தேய்மானமென்று விலையில் பாதியைக் கழித்துக்கொள்வர். ஆகையால் பேனலை மட்டும் எடுத்துச் செல்லும் திருடன் அரைகுறை வேலைக்காரன். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எனக்கு ஒரு வலப்பேனல் கிடைத்ததும் உண்மையே; என் வண்டி கறுப்பு, அது நீலம்.

எஞ்சியிருந்த பிரமாணங்களுள் ஒன்று உபமானம். பசுவைப் போன்றது காட்டுப்பசு என்று கேட்டவன் காட்டில் அதைக் கண்டு அறிவதுபோல, இடப்பேனலைக் கண்டு வலப்பேனலை அறிந்துகொள்வார் என்று கருதி, அதைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் சர்வீஸ் நிலையத்துக்குச் சென்றேன். மேற்பார்வையாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், லாக்டைட் விரிசலை நகத்தால் நெருடினார், பிறகு ஜாப் கார்டில் நிதானமாக எழுதினார்: “இடது பேனல்: கஸ்டமர் கழற்றியது. வாரண்டி இல்லை.”