ஊசிக்கு முன்னால் சோறு! – மாமா பதில்கள்

இந்த வாரம் தபாலில் வந்தவை பெரும்பாலும் குழந்தைக்காக ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்குகிறவர்களின் கேள்விகள். பெயர்களை நீக்கிவிட்டேன். கேள்விகளில் கை வைக்கவில்லை.

மாதவிலக்கு நின்று ஏழு மாதம். எடையும் இறங்குகிறது. ஸ்கேனில் கருப்பை, சினைப்பை எல்லாம் நார்மல். பிறகு கோளாறு எங்கே? – வாசகி, ஈரோடு

தைராய்டு, புரோலாக்டின் சோதனைகளும் சரியாக வந்திருந்தால் தட்டைப் பாருங்கள். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். வரவு குறைந்து செலவு கூடினால், ‘இவளுக்கே சோறில்லை, இதில் இன்னொரு வாயா?’ என்று பேரேட்டை மூடிவிடுவார். மேலிருந்து ஹார்மோன் உத்தரவு வராது, முட்டை முதிராது. கொழுப்புத் திசுவிலிருந்து அவருக்குச் சேதி கொண்டுபோகிற லெப்டினை 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு நியூயார்க்கில் கண்டுபிடித்தது. கொழுப்பு கரைந்தால் சேதியும் நின்றுபோகும். உங்கள் கருப்பை நல்ல கருப்பை, அம்மணி. பசியில் இருக்கிறது.

கணவர் மேல் பிரியம் நிறைய இருக்கிறது. ஆசைதான் வருவதே இல்லை. என் மனசு கெட்டுவிட்டதா? – வாசகி, சேலம்

1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, திடகாத்திரமான 36 வாலிபர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். போருக்குப் போக மனசாட்சி இடம்தராமல், பதிலுக்கு இந்தச் சோதனைக்குச் சம்மதித்தவர்கள். உடம்பில் கால்வாசி கரைந்தது. காம நினைப்பு பறந்தே போயிற்று. சிலர் ராத்திரியில் சமையல் புத்தகம் படித்தார்கள்! வாட்டசாட்டமான வாலிபர்களுக்கே அந்தக் கதி. நீங்களும் அரைவயிறுதான் என்றால், உங்கள் மனசை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

என் பி.எம்.ஐ. 17. ஒல்லியாக இருப்பது நல்லதுதானே? – வாசகி, தாம்பரம்

புடவைக்கு நல்லது. பிரிட்டனின் ‘நைஸ்’ என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டி, செயற்கைக் கருத்தரிப்புக்கு 19-லிருந்து 30 வரை இருப்பது நல்லது என்கிறது. 19-க்குக் கீழே இருந்து, மாதவிலக்கும் தாறுமாறாக இருந்தால், எடை கூடும்போது வாய்ப்பும் கூடும். இன்னொரு தகவல்: உயரத்துக்கு ஏற்ற எடை என்ற அந்தக் கணக்கைப் போட்டவர் பெல்ஜியத்துக் கெத்தலே, அதற்கு பி.எம்.ஐ. என்று 1972-ல் பெயர் வைத்தவர், மேலே வாலிபர்களைப் பட்டினி போட்டாரே, அதே கீஸ்.

எனக்குத் தலைகீழ். பி.சி.ஓ.எஸ்., குண்டு. ‘பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க’ என்றார் டாக்டர். பகல் முழுக்கப் பட்டினி கிடக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃப்ரிட்ஜையே காலி செய்துவிட்டு அழுகிறேன். – வாசகி, மதுரை

அழவேண்டாம். அதற்குப் பெயரும் உண்டு, வைத்தியமும் உண்டு. கட்டுமீறி உண்ணும் அந்த நோய்க்கு அமெரிக்க மனநலக் கையேடு 2013-ல் தனி இடம் கொடுத்தது. பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களிடம் உணவுக் கோளாறு இருக்கிறதா என்பதை, எடை எதுவானாலும், மனதில் வைக்கச் சொல்கிறது 2023-ன் சர்வதேச வழிகாட்டி. எந்த டயட்டும் இன்னொரு டயட்டைவிட உசத்தி இல்லை என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. பகல் பட்டினிதான் ராத்திரிப் பெருந்தீனிக்கு அழைப்பு வைக்கிறது. முதலில் மதியம் சாப்பிடுங்கள். பத்து கிலோ குறைக்கச் சொன்னவரிடம் பன்னிரண்டு மணிக் கதையையும் சொல்லுங்கள்.

என் சாப்பாட்டுப் பிரச்சினையை டாக்டர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இதில் என்ன குடி முழுகிவிடும்? – வாசகி, கோவை

2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வந்த 82 பெண்களிடம் விசாரித்தார்கள். 17 பேருக்கு உணவுக் கோளாறு இருந்தது, அல்லது முன்பு இருந்திருந்தது. அவர்களில் சிகிச்சை தரும் குழுவிடம் அதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம்.

கருக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்கிறார்கள், ரத்தத்தில் ஹார்மோனை அளக்கிறார்கள். ‘சாப்பாட்டோடு ஏதாவது சண்டையா?’ என்று கேட்க அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தை மிச்சம்பிடிக்கிற மருத்துவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. உங்கள்மேல் இல்லை.

சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் உண்டு. அடுத்த வாரம் முட்டை எடுக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லணுமா? – வாசகி, திருப்பூர்

இன்றைக்கே! அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், மயக்கத்தில் இதயத் துடிப்பு தடம் மாறலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வெட்கப்படுகிற நேரமா இது?

தாம்பத்தியத்தில் தாங்கமுடியாத வலி. ‘புதுசுல அப்படித்தான்டி’ என்கிறார் அத்தை. கல்யாணமாகி மூன்று வருஷம். – வாசகி, தஞ்சாவூர்

மூன்று வருஷம் கழித்துமா புதுசு? பட்டினியால் ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் உள்ளே வறண்டு வலிக்கும். அது ஒரு காரணம். பயத்தில் இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகுவது இன்னொன்று. அதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். ஆலோசனை, தசைப் பயிற்சி, படிப்படியாக விரிக்கும் டைலேட்டர் கருவி என்று நல்ல சிகிச்சை இருக்கிறது. உறவே சரியாக நடக்காத தம்பதிகளும் கருத்தரிப்பு மையத்துக்கு வருகிறார்கள். அதை யாரும் கேட்காமலே ஸ்கேனுக்கு அனுப்புவதும் நடக்கிறது. கூச்சத்துக்கு இவ்வளவு பில் போடலாமா?

வழவழப்புக்கு எதையாவது தடவாதீர்கள். எச்சிலும் சில ஜெல்களும் விந்தணுவின் வேகத்தைக் குறைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். விந்தணுவைப் பாதிக்காத ஜெல் எது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

‘பதினாலாம் நாள் கட்டாயம்’ என்று தேதி எழுதித் தருகிறார்கள். தேதி வந்தாலே கணவருக்கு ஜுரம் அடிக்கிறது. – வாசகி, திருநெல்வேலி

தேர்வுத் தேதி என்றால் யாருக்கும் அடிக்கும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாள். ஆக, கையில் ஆறு நாள் இருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே போதும். தேதி இல்லாத நாளிலும் தொட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ரிசல்ட்டும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது.

‘ஸ்டைலுக்காகப் பட்டினி கிடக்கிறா, அதான் வயிறு திறக்கல’ என்கிறார் மாமியார். – வாசகி, நாமக்கல்

பட்டினி கிடந்தே உடம்பை உருக்கும் நோய்க்கு லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-ல் அனோரெக்ஸியா என்று பெயர் வைத்தார். மனநோய்களில் அதிக உயிர் குடிக்கிறவற்றில் அதுவும் ஒன்று. ஸ்டைல் யாரையும் கொல்வதில்லை. அப்படியே பிள்ளைக்கும் விந்துப் பரிசோதனை ஆயிற்றா என்று அத்தையிடம் கேளுங்கள்.

மாதவிலக்கே வருவதில்லை. அப்படியானால் கருத்தடையும் தேவையில்லையே? – வாசகி, சென்னை

முட்டை முதலில், ரத்தம் பிறகு. நின்றிருந்த சுழற்சி என்றைக்குத் திரும்பும் என்று முன்கூட்டி நோட்டீஸ் வராது. நார்வேயில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், அனோரெக்ஸியா இருந்த தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது திட்டமிடாத கர்ப்பம்.

எடை கூடினால் ஐ.வி.எஃப். வேண்டியிருக்காதா? – வாசகி, திருச்சி

பலருக்கு வேண்டியிருக்காது. பசியால் நின்ற மாதவிலக்குக்கு முதல் மருந்து உணவு, அளவான உடற்பயிற்சி, மன ஆலோசனை என்று 2017-ல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பிச் சங்கம் எழுதியிருக்கிறது. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். உடம்பில் ஈஸ்ட்ரோஜனே இல்லாதபோது முட்டையை முதிரவைக்கும் குளோமிஃபீன் மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. எலும்பும் தோலுமாக இருக்கும்போது ஊசி போட்டு முட்டையை வரவழைத்தாலும், குறைமாதம், எடை குறைந்த குழந்தை என்ற ஆபத்து கூடுகிறது. வயது 35-ஐத் தாண்டியிருந்தால் சும்மா காத்திருக்காமல் உணவையும் சிகிச்சையையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். லட்சங்களை எண்ணி வைக்கும் முன், இட்லிகளை எண்ணாமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

கரு வைத்த பிறகு அசையாமல் படுத்தே இருக்கச் சொல்கிறார்கள் வீட்டில். – வாசகி, கரூர்

படுத்தால் வாய்ப்பு கூடாது. எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.

‘கவுன்சலிங்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. – வாசகி, வேலூர்

2021-ம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் பற்றித் தம்பதிக்கு முறையான ஆலோசனை தருவது மையத்தின் கடமை. கையெழுத்து ஆலோசனை ஆகாது. ‘கவுன்சலர் எந்த அறை?’ என்று சத்தமாகக் கேளுங்கள். சாப்பாடு, படுக்கை, பயம் மூன்றையும் அங்கே இறக்கி வையுங்கள். அறையே இல்லையென்றால் டெலி-மானஸ் 14416. அரசின் இலவச மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விழித்திருக்கிற மதுரைக்காரரும் குறித்துக்கொள்ளட்டும்.