பந்தைத் தொடாமல் கப்பு வாங்குவது எப்படி?

உலகக் கோப்பை நடக்கிற மாதத்தில் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏதாவது ஒரு சாயாக்கடையில் போய் நின்று பாருங்கள். ரசவடையைப் பிய்த்து வாயில் போட்டபடி அர்ஜென்டினாவுக்குத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்கிற அண்ணாச்சி ஒருவராவது இருப்பார். "அந்தப் பயல அப்பவே வெளிய எடுத்திருக்கணும்லா வோய், கோச்சுக்குக் கண்ணு தெரியல்லியா?" என்பார். பக்கத்தில் நிற்பவர் மறுப்பார். பஸ் போய்விடும். இருவரும் கவலைப்பட மாட்டார்கள்.

அந்த அளவுப் பயிற்சியாளராக இருந்தால் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வேண்டியதெல்லாம் இரண்டு கைகள்தான். ஒன்று கிளாஸைப் பிடிக்க, மற்றது விரலை நீட்ட. இல்லை, மெய்யாகவே கப்பு வாங்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் போன வழியை எழுதித் தருகிறேன். அப்படியொன்றும் நீளமான வழி இல்லை. ஐம்பத்து மூன்று வயதுக்குள் முடிந்துவிடும்.

முதலில் பள்ளிக்கூட வாத்தியார் ஆகுங்கள். இதைக் கேட்டதும் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள் என்று தெரியும். ஆனால் ரஹீம் வாத்தியார்தான். நாற்பது பையன்களில் எவன் பாடம் கேட்கிறான், எவன் ஜன்னலைப் பார்க்கிறான் என்று பலகைப் பக்கம் திரும்பி நின்றே கண்டுபிடிக்கிற வித்தை வாத்தியார்களுக்கு மட்டும்தான் கைவரும். மைதானத்தின் ஓரக்கோட்டில் நிற்பவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? கூடவே ஒரு சங்கத்தில் செயலாளர் பதவியும் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கச் செயலாளர் ஆனார். ரசீது எழுதுவது, மைதானத்துக்குச் சுண்ணாம்பு வாங்குவது, கோபித்துக்கொண்டு போன கோலியை வீட்டுக்குப் போய்ச் சமாதானப்படுத்துவது எல்லாம் அந்தப் பதவியில் அடங்கும் என்பது என் அனுபவம்.

அடுத்து, போட்டி நடத்துங்கள். ஆனால் விசித்திரமாக நடத்துங்கள். வலக்கால்காரன் இடக்காலால் மட்டும் ஆடவேண்டிய போட்டி, பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல் உடனே தள்ளிவிட வேண்டிய போட்டி என்றெல்லாம் ரஹீம் வைத்தார். கேட்க விளையாட்டுபோல் இருக்கும். இடக்காலால் ஆடச் சொல்லி நான் ஒருமுறை ஒரு பையனைக் கேட்டுப் பார்த்தேன். பந்து அசையவில்லை, அவன் விழுந்தான். "சாரே, இது நம்ம காலு இல்ல, யாரோ வச்சுட்டுப் போன காலு" என்றான். அந்த யாரோ வைத்துவிட்டுப் போன காலைச் சொந்தக் காலாக்குவதுதான் வேலை. ரஹீம் அதை ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குச் செய்தார். 1950 முதல் 1954 வரை பம்பாயில் தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பை. பம்பாய்க்காரர்களுக்கு அலுத்தே போயிருக்கும்.

இங்கே கொஞ்சம் வடசேரிக்குத் திரும்பிக்கொள்கிறேன். எங்கள் ஊரில் கோயில் நகைப் பட்டறைகள் இருக்கின்றன. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் நெற்றியில் கட்டுகிற சூரியனும் சந்திரனும் இங்கிருந்துதான் போகின்றன. ஒருநாள் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளியில் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். ஆசாரி ஒரு சிவப்புக் கெம்பை எடுத்து ஒரு வீட்டில் வைத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், எடுத்தார், நாலு வீடு தள்ளி வைத்தார். பிறகுதான் தங்க ரேக்கைச் சுற்றி அழுத்தினார். "அங்கயும் இருந்திருக்குமே?" என்றேன். "இருக்கும். மின்னாது" என்றார். பயிற்சியாளர் ஆவதற்கான பாடப் புத்தகம் அச்சிடுபவர்கள் அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திவிடலாம்.

சரி, அடுத்த கட்டம் மிக முக்கியம்: பத்துக்கு ஒன்று என்று தோற்க வேண்டும். 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1–0 என்று வென்று தங்கம் வாங்கிய ரஹீமின் இந்திய அணி, மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றது. குளிர் தேசத்தில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. எனக்கும் இந்தத் தகுதி உண்டு. ஊர் பெயர் வேண்டாம், ஒரு சிறுவர் அணிக்கு மூன்று மாதம் விசில் ஊதிப் பயிற்சி கொடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் வாங்கினோம். அன்று சாயங்காலமே நான் பயிற்சியாளர் தொழிலைத் துறந்து விமர்சகன் ஆனேன். ரஹீம் அப்படிச் செய்யவில்லை, அதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை. நான்கே ஆண்டில், 1956இல், மெல்போர்னில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்றது. நெவில் டிசூஸா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நான்காம் இடம்.

1960 ரோமில் மறுபடியும் முதல் சுற்றோடு திரும்பினார்கள். அந்த அணியில் தஞ்சாவூர் சைமன் சுந்தர்ராஜும் இருந்தார். கடைசி ஆட்டத்தில் பெருவுக்கு எதிராக இந்தியா போட்டது ஒரே ஒரு கோல். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான். இந்தச் சுந்தர்ராஜ்தான் பின்னாளில் பயிற்சியாளராகி 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்தார். தஞ்சாவூர்க்காரர் சொல்லிக்கொடுத்தும் கப்பு களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் போனது பற்றி எங்கள் ஊர் அண்ணாச்சிமாருக்கு நிறையக் கருத்து உண்டு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

கடைசிக் கட்டத்துக்குப் புற்றுநோய் தேவை. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போகும்போது ரஹீமுக்கு அது இருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 தோல்வி. தாய்லாந்தோடு ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? படுக்கையில் ஓய்வெடுக்கச் சொல்வீர்கள். ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். கட்டுப் போட்ட தலையோடு ஜர்னைல் அரையிறுதியில் ஒரு கோல் போட்டார், இறுதியில் இன்னொன்று. கெம்பை நாலு வீடு தள்ளி வைத்த கதைதான். காய்ச்சலில் கிடந்த கோலி பீட்டர் தங்கராஜையும் இறுதி ஆட்டத்துக்கு எழுப்பிக் கொண்டுவந்தார்.

அரங்கம் வேறு எதிராக இருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்துப் பேசிவிட்டார். அந்தக் கோபத்தை ஜகார்த்தா ரசிகர்கள் பதினொரு பேர்மீது காட்டினார்கள். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் லட்சம் பேர் கூச்சலிட, கேலரியில் நம் பக்கம் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. தென் கொரியா 1, இந்தியா 2. தங்கம்.

இதன்பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 1963 ஜூன் 11 அன்று இறந்துபோங்கள். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கியது 1985இல்தான், ஆகவே பட்டியலில் பெயர் வருமோ வராதோ என்ற மனக்கவலை உங்களுக்கு இருக்காது. அறுபது ஆண்டு பொறுத்தால் இந்தியில் சினிமாவும் எடுப்பார்கள். 'மைதான்' 2024இல் வந்தது. அஜய் தேவ்கன் சிகரெட் பிடித்தபடி உங்களைப் போல நடப்பார்.

ஆட்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வடசேரியில் பஸ் ஏறி மேற்கே கடற்கரைப் பக்கம் போங்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக ஊர்கள். கணுக்கால் புதைகிற மணலில் பந்தோடு ஓடிப் பழகிய பையன்களுக்குப் புல்தரை பாய் விரித்த மாதிரி. கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரையிலிருந்து போனவர்தான்.

1970இல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலம் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குக் கடைசிப் பதக்கம். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் ரஹீமின் பழைய ஆட்டக்காரர் பி.கே. பானர்ஜி. தங்கம் 1962க்குப் பிறகு வரவேயில்லை. இடம் காலியாகத்தான் இருக்கிறது, விண்ணப்பிக்கலாம்.