அகல டயர்க்காரர்

கம்பெனி கொடுத்த டயர் ஒல்லியாகத் தெரிகிறது என்று, அதைவிட அகலமானதை வாங்கி, கம்பெனி கொடுத்த அதே ரிம்மில் மாட்டிக்கொள்பவரே அகல டயர்க்காரர். ரிம்மையும் சேர்த்து மாற்றி அலாய் வீலுக்குப் போகிறவர் வேறு இனம். அவரிடம் பணம் இருக்கிறது. இவரிடம் ஆசை இருக்கிறது, டயர் வரைக்கும் காணும் பணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இவரை மாருதி ஸ்விஃப்டின் விலை குறைந்த ரகத்தின் அருகில் காணலாம். வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்ததும் நின்று திரும்பிப் பார்ப்பார். பூட்டினோமா என்று பார்க்கிறார் என நினைப்பவர்கள் இவரை அறியாதவர்கள்.

பிறவியிலேயே யாரும் இப்படி இருப்பதில்லை. ஒரு கல்யாண மண்டப வாசலில், சொந்தமாக எஸ்யூவி வைத்திருக்கும் சகலை, "என்ன சகலை, உங்க வண்டிக்கு சைக்கிள் டயர் போட்டுக் குடுத்துட்டானா?" என்று கேட்பார். பந்தியில் அன்று இவருக்குப் பாயசம் இறங்காது. வீட்டுக்கு வந்ததும் வண்டியைப் பின்பக்கமிருந்து குந்தி உட்கார்ந்து பார்ப்பார். அதுவரை கண்ணில் படாத காக்கைக் கால்கள் அப்போதுதான் படும்.

அடுத்தது கல்விப் பருவம். டயரின் பக்கவாட்டில் 165/80 R14 என்று எழுதியிருப்பதை இவர் வாழ்நாளில் முதன்முறையாகப் படிப்பார். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். R என்பது ரேடியல், அதாவது உள்ளே இழைகள் ஓடும் விதம். இவரோ அதை ரேடியஸ் என்றே நான்கு பேருக்கு விளக்குவார். பதினான்கு அங்குலம் ஆரமானால் சக்கரம் மாட்டு வண்டிக்கு நெருக்கமாக வந்துவிடும் என்பது அந்த நால்வருக்கும் தோன்றாது.

எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. 80ஐ அப்படியே விட்டு 165ஐ மட்டும் 185 ஆக்கினால் பக்கச் சுவரும் சேர்ந்து வளர்ந்து, சக்கரத்தின் முழு விட்டம் 32 மில்லிமீட்டர் கூடிவிடும். ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது வண்டி நூற்றைந்தில் ஓடும். ஆகவே 185/70 எடுக்க வேண்டும். அப்போது விட்டம் ஏறக்குறைய பழையபடியே நிற்கும். இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இவர் பொறியாளர். உண்மையில் பொறியியல் படித்தவராக இருந்தால், படிப்பு பயன்பட்ட முதல் நாளும் அதுவே.

இந்த ஒருபடி ஏற்றத்தோடு நிறுத்தினால் குற்றமில்லை. ஸ்விஃப்டின் 14 அங்குல ரிம் ஐந்து அங்குல அகலம். 185/70 அதில் வரம்புக்குள் உட்காரும். ஆனால் ஒருபடியோடு நிற்பவர் இந்தச் சித்திரத்துக்கு உரியவரே அல்ல. "185 போடலாம்னா 195 போடக் கூடாதா?" என்று டயர் கடையில் கேட்பார். "தாராளமா உட்காரும்ண்ணே, நாம போட்டுக் குடுக்காததா!" என்று பதில் வரும். 195/65 டயருக்குச் சாதாரணமாக ஐந்தரை அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும். ரிம்மின் அகலம் ரிம்மிலேயே பொறித்திருக்கும். டயரை எழுத்தெண்ணிப் படித்தவர் ரிம்மைப் படிப்பதில்லை.

அதன்பின் நடப்பது ஒற்றைக் கட்டிலில் இரட்டை மெத்தையைப் போட்ட கதை. இரு ஓரங்களும் உள்ளே இழுபட்டு, பக்கச் சுவர்கள் பிதுங்கி, நடுப்பகுதி மேடு தட்டி நிற்கும். நடு மட்டும் சீக்கிரம் தேயும். ரிம் தாங்கிப் பிடிக்காத பக்கச் சுவர் வளைவுகளில் நெளியும். ஸ்டீயரிங் திருப்பிய பிறகே வண்டி யோசித்துத் திரும்பும். "ரோட்டை அப்படியே புடிச்சுக்கும்" என்று நம்பித்தான் இத்தனையும். டயர் தரையில் பதியும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் எடையும் உள்ளே உள்ள காற்றழுத்தமும். அகலம் செய்வது அந்தப் பதிவை நீளத்தில் குறுக்கிக் குறுக்கே விரிப்பதுதான். ரிம்மும் கூடவே அகன்றால் காய்ந்த சாலை வளைவில் பலன் தெரியும். மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ்: தேங்கிய நீரில் வேகமாகப் போனால் ஒல்லி டயர் நீரைக் கிழித்துக்கொண்டு போகும் இடத்தில் அகல டயர் மேலே மிதக்கத் தொடங்கும்.

இதையெல்லாம் அகல டயர்க்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். மைலேஜ் குறைந்தால் பங்க்கில் அளவு சரியில்லை. ஸ்டீயரிங் கனத்தால் தோள்பட்டையில் வாயு. முழுக்கத் திருப்பும்போது சக்கரம் மட்கார்டில் 'கர்ர்' என்று உரசினால் அது புது டயரின் சத்தம், ஆயிரம் கிலோமீட்டரில் போய்விடும். ஐந்து பேர் ஏறினால்தான் பின்பக்கம் உரசுகிறது என்று கண்டுபிடித்த பிறகு, பழனிக்குக் கிளம்பும் காலையில் மாமியாரிடம், "அத்தை, நீங்க பஸ்லயே வந்துடுங்களேன், கால் நீட்டி உக்காரலாம்" என்று பரிவோடு சொல்வார். அந்த அம்மாளுக்கு மருமகன் மேல் மரியாதை கூடும்.

ஸ்டெப்னி மட்டும் பழைய ஒல்லியாகவே டிக்கியில் கிடக்கும். (வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஒரு தெருப் பெயர் இது, 1904இல் அங்கே உபரிச் சக்கரம் செய்தவர்களால் நம் ஊர் மெக்கானிக் வாய் வரை வந்து சேர்ந்தது.) பஞ்சராகும் நாளில் மூன்று கால் யானை, ஒரு கால் காக்கை என்று வண்டி வீடு திரும்பும்.

சட்டம் இவருக்கு நினைவு வருவது விபத்து இழப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போதுதான். தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எந்த அளவு டயர், எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவோரச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். கதவைத் தினமும் திறப்பவர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

கழற்றிய டயர்கள், வண்டியை விற்கும்போது திரும்ப மாட்டலாம் என்று மொட்டை மாடிக்குப் போகும். ஐப்பசி மழையில் அவற்றில் தண்ணீர் தேங்கும். கார்த்திகையில் டெங்கு ஒழிப்புப் பணியாளர் வந்து, நான்கையும் கவிழ்த்துக் கொட்டி, வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்.