விசிட்டிங் கார்டின் முதுகு: ஒரு பூர்வாங்க ஆய்வு

விசிட்டிங் கார்டைப் பற்றி இதுவரை வாய் திறந்தவர்கள் எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்தே மயங்கியிருக்கிறார்கள் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. எழுத்து எப்படி, லோகோ எங்கே, ஓரம் வளைவா கூரா என்று பேசிப் பேசியே காலம் கழிந்துவிட்டது. ஆனால் ஓர் அட்டை ஒரு வீட்டில் எத்தனை நாள் குடியிருக்கும் என்பதை முடிவு செய்வது அதன் முதுகு. இத்துறைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காததால் 'முதுகியல்' என்று நாமே வைத்துக்கொள்கிறோம். ('நாம்' என்பது இங்கே ஒரே ஓர் ஆளைக் குறிக்கும். ஆய்வுலக மரபு.)

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம், எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் நீல நிற பிஸ்கட் டப்பா. அதில் பிஸ்கட் இருக்காது என்பதை வாசகர் அறிவார். எங்கள் வீட்டில் ஊசிநூலும் இல்லை, அட்டைகள்தான். எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணினால் புள்ளிவிவரம் ஆகிவிடும், பிறகு அதற்கு ஒரு வட்டப்படம் வரைய வேண்டும்.

முதலில் உடற்கூறு. நம்மூர் அச்சகங்களில் வழங்கும் அளவு மூன்றரைக்கு இரண்டு அங்குலம். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் அடித்தால் ஓர் அட்டையின் எடை ஒன்றரை கிராமுக்கும் குறைவு. ஜப்பானில் 91க்கு 55 மில்லிமீட்டர், அதாவது நம்முடையதைவிட நீளத்தில் 2, அகலத்தில் 4 மில்லிமீட்டர் கூடுதல். அந்தச் சொற்பத்துக்காகத்தானோ என்னவோ, அங்கே இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து வாங்குகிறார்கள். நம் ஊரில் ஒரு கையில் டீ கிளாஸ் இருப்பதால் இவ்வழக்கம் வேர்விடவில்லை.

முகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 'நம்மிடம் அனைத்து வேலைகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும்' என்ற வாசகம் டப்பாவில் திரும்பத் திரும்ப வருகிறது. செய்து தரப்படும்; யாரால் என்று சொல்லப்படவில்லை. பிளம்பர் வராமல் போன நாட்களில் இந்தச் செயப்பாட்டுவினையின் ஆழத்தை நாம் உணர்ந்திருக்கிறோம்.

இனி புதுமைக்கு வருவோம். சென்னை பாரிமுனையில் காகிதத்துக்கும் அழைப்பிதழுக்கும் பேர்போன ஆண்டர்சன் தெருவுக்குக் களப்பணிக்காகச் சென்றோம். (நமக்கும் கார்டு அடிக்க வேண்டியிருந்தது.) கவுன்ட்டரில் இருந்த தம்பி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே அடுக்கினார்: "மேட் லேமினேஷன் போடலாம் சார். பேருக்கு மட்டும் ஸ்பாட் யுவி. கோல்டு ஃபாயில் இருக்கு. டை கட்டிங்னா எந்த ஷேப்ல வேணாலும் வெட்டலாம்." எந்த வடிவமும் வெட்டலாம் என்பதுதான் ஆபத்து. டப்பாவில் கடைவாய்ப்பல் வடிவத்தில் ஒரு பல் டாக்டரின் அட்டை உண்டு. வாங்கிய அன்று பர்ஸில் செருகிப் பார்த்ததில் வேர் மட்டும் உள்ளே போனது.

புதுமை செய்தே தீருவதென்றால் கெவின் மிட்னிக் செய்ததுபோல் செய்ய வேண்டும். ஊரெல்லாம் கணினிகளுக்குள் புகுந்து சிறைக்குப் போய், வெளியே வந்து பாதுகாப்பு ஆலோசகரான அமெரிக்கர், 2023இல் காலமானார். அவருடைய அட்டை உலோகத் தகடு. அதிலிருந்து பெயர்த்தெடுத்தால் சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் கம்பிகள் கிடைக்கும். தொழில் என்ன என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. குறை ஒன்றுதான். கம்பிகளைப் பெயர்த்துவிட்டால் மிச்சம் இருப்பது ஓட்டை விழுந்த தகடு.

நம் ஊர் அட்டைகள் இந்தப் பிரச்சினையை முதுகில் தீர்த்துவைத்தன. முதல் தீர்வு, பன்னிரண்டு மாதக் காலண்டர். மூன்றரை அங்குலத்துக்குள் ஒரு வருடம் முழுவதையும் அடைத்திருப்பதால் தேதி பார்க்க பூதக்கண்ணாடி வேண்டும், ஆனாலும் தூக்கிப்போட மனம் வராது. டிசம்பர் 31 வரை அட்டைக்கு உயிர் உண்டு. அதன் பிறகு புதிதாக அடித்தாக வேண்டும் என்பதால் இந்த உத்தியை அச்சகத்துக்காரர்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று ஐயுறுகிறோம்.

இரண்டாவது தீர்வுதான் மகத்தானது: சாமி படம். எங்கள் சாப்பாட்டு மேசை ஆடிக்கொண்டிருந்தது. சோதனை முயற்சியாக டப்பாவிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நான்காய் மடித்துக் காலுக்கு அடியில் செருகக் குனிந்தோம். ஏதோ ஒரு போர்வெல்காரருடையது. பின்னால் ராஜ அலங்காரத்தில் முருகன்.

"ஏண்டா, முருகனையா மேசைக்காலுக்குக் கீழ வைக்கிற?" என்றார் அம்மா.

"இது போர்வெல் கார்டும்மா."

"திருப்பிப் பாரு."

அட்டை அன்றே பூஜை அலமாரிக்குப் போயிற்று. தினமும் அதற்கு விபூதி உண்டு, கிருத்திகைக்குப் பூவும் உண்டு. நாங்கள் குடியிருப்பது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. போர் போட எங்களால் ஆகாது. இருந்தாலும் ஓர் ஆழ்துளைக் கிணற்று ஒப்பந்ததாரரின் இரண்டு செல்போன் எண்களுக்கும் எங்கள் வீட்டில் நாள்தோறும் கற்பூரம் காட்டப்படுகிறது. உலகின் எந்த விளம்பர நிறுவனமாவது இதைச் சாதித்திருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

மூன்றாவது வகை, வெற்று முதுகு. இதற்கான சான்று லண்டனில் இருக்கிறது. 1895 பிப்ரவரி 18 அன்று குயின்ஸ்பெரி பிரபு ஆல்பெமார்ல் கிளப்புக்கு வந்து, எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைப் பழித்துத் தன் விசிட்டிங் கார்டில் ஒரு வரி கிறுக்கி, அதிலும் எழுத்துப்பிழை விட்டு, கிளப் ஊழியரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊழியர் பதறவில்லை. அட்டையைத் திருப்பி, வெறுமையாய் இருந்த பின்புறத்தில் நேரமும் தேதியும் குறித்து, உறையில் போட்டு வைத்தார். பத்து நாள் கழித்து அது வைல்டின் கைக்குக் கிடைத்தது. அவர் அவதூறு வழக்குப் போட, அது அவர் மேலேயே திரும்பி, இரண்டு வருடக் கடுங்காவலில் முடிந்தது. அந்த அட்டை இன்றும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முதுகில் இடம் விட்டிருந்ததால் வந்த குறிப்பும் அதிலேயே இருக்கிறது.

ஆண்டர்சன் தெருத் தம்பி கடைசியாகக் கேட்டார்: "பின்னாடி என்ன சார் போடணும்?" இவ்வளவும் யோசித்திருந்ததால், ஒன்றும் வேண்டாம் என்றோம்.

ஆறு மாதம் கழித்து ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில், ஓர் அட்டை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கேஸ் புக்கிங் நம்பரும், பால்காரர் நம்பரும், ஜூன் மாதம் சலவைக்குப் போட்ட துணிக்கணக்கும் நீலப் பேனாவில் எழுதப்பட்டிருந்தன. காந்தத்தை நகர்த்தித் திருப்பிப் பார்த்தோம். நம் பெயர்தான், ஸ்பாட் யுவியில் பளபளத்தது.

"அதைத் திருப்பி வெச்சிடாதீங்கண்ணா," என்றார் நண்பரின் மனைவி அடுப்படியிலிருந்து. "அந்தப் பக்கம் யாரோட நம்பரோ இருக்கு."