கைக்கு ஒரு கணக்குப்பிள்ளை

மாப்ளே, நீ அனுப்பின அஞ்சு படத்தையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழட்டி வச்சும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அஞ்சும் ஒண்ணாத்தான் இருக்கு. கறுப்புப் பட்டை, கறுப்புச் சில்லு, அதுக்குள்ள சிவப்பா ஒரு இதயப் படம். "மாமா, இதுல எதை வாங்கலாம்?"னு கேட்டிருக்கே. பொண்ணு பார்க்கப் போனப்ப மாமனை ஒரு வார்த்தை கேக்காதவன், மணிக்கட்டுல கட்டுற பட்டைக்கு யோசனை கேக்குறான்னா இதுல ஏதோ இருக்குன்னு நானும் மெனக்கெட்டு விசாரிச்சேன். தஞ்சாவூர்ல காலேஜ் படிக்கிற என் பேத்தி போனைப் பார்த்துப் படிச்சுச் சொன்னா. நாங்க நாலு பேரு டீக்கடையில வச்சு அலசினோம். பூதலூர் டீக்கடையில அலசாத சமாச்சாரம் எதுவும் உருப்பட்டதா சரித்திரம் கிடையாது.

முதல்ல ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. நடக்குறதுக்காகப் பட்டை வாங்குறியா, இல்ல பட்டையக் காட்டுறதுக்காக நடக்கப் போறியா? ரயிலடியிலேருந்து பார்த்தா நம்ம வீட்டு முருங்கை மரம் தெரியும். போன பொங்கலுக்கு வந்தவன் அதுக்கு ஆட்டோ பிடிச்சே. ஆட்டோக்காரப் பையன் இன்னும் என்னையப் பார்த்தா சிரிக்கிறான். அதனாலதான் கேக்குறேன்.

அந்தக் காலத்துல மிராசு வீட்டுல ஒரு கணக்குப்பிள்ளை இருப்பாரு. வயல்ல காலை வைக்க மாட்டாரு. வரப்புல குடை பிடிச்சு நின்னு எத்தனை ஆளு நட்டுது, எத்தனை மூட்டை களத்துக்கு வந்துதுன்னு எழுதிக்கிட்டே இருப்பாரு. சில கணக்கு கண்ணால பார்த்து எழுதினது. சில கணக்கு குத்துமதிப்பு. சிலது சுத்தப் புளுகு. மூணும் ஒரே மையில, ஒரே முத்து முத்தான கையெழுத்துல இருக்கும். எது எதுன்னு தெரிஞ்ச மிராசுதார் பிழைச்சாரு, தெரியாதவரு நிலத்தை வித்தாரு. உன் பட்டையும் அந்தக் கணக்குப்பிள்ளைதான். அஞ்சுல எது ஒசத்தின்னு பார்க்குறதுக்கு முன்னாடி, எந்தக் கணக்கை நம்பலாம்னு பாரு.

அடிக்கணக்கை எடுத்துக்க. பட்டைக்கு உன் காலு தெரியாது. கை ஆடுறதை வச்சுத்தான் காலு நடக்குதுன்னு முடிவு கட்டுது. பேத்தி வச்சிருக்குற பட்டைய உங்க அத்தை கையில கட்டிவிட்டோம். தலையில நாத்துக்கட்டை வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வரப்போட கடைசி வரைக்கும் போயிட்டு வந்தா. கை ஆடல. கணக்குப்பிள்ளை பாதி நடையக் காணோம்னுட்டான். சாயங்காலம் திண்ணையில உக்காந்து முறத்துல உளுந்து புடைச்சா, பாரு, அடி ஏறுது! "காலை நீட்டி உக்காந்திருக்குறவளை எங்கடா நடத்திக் கூட்டிட்டுப் போறே?"ன்னு பட்டையைப் பார்த்தே திட்டினா. சைக்கிள் மிதிச்சா சரியா எண்ணாது. குண்டும் குழியுமா இருக்குற ரோட்டுல பைக்குல குலுங்கிப் போனா, நடந்துட்டேன்னு ரெண்டு அடியைச் சேர்த்துக்கூடப் போட்டுக்கும்.

இதுக்காக இது உதவாதுன்னு நான் சொல்லல. தினம் ஒரே மாதிரி தப்பு பண்ணினா அதுவும் ஒரு கணக்குதான். நேத்தைக்கு இன்னைக்குக் கூடவா குறைச்சலான்னு தெரிஞ்சுக்கலாம். ஆனா உன் பட்டை எண்ணினதையும் உன் கூட்டாளி பட்டை எண்ணினதையும் பக்கத்துல வச்சு, யாரு பெரிய ஆளுன்னு பந்தயம் கட்டாதே. அடி எண்ணுறதுக்காக மட்டும் கூடுதல் காசு குடுக்காதே. ரெண்டாயிர ரூபாய்ப் பட்டை எண்ணுறதுக்கும் இருவதாயிரத்து வாட்சு எண்ணுறதுக்கும் உன்னைய மாதிரி ஆளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்புறம் அந்தப் பத்தாயிரம். பட்டையைத் திறந்த உடனே "தினம் 10,000 அடி"ன்னு கட்டளை போடுதுல்ல, அதை எந்த வைத்தியரு சொன்னாருன்னு நினைக்கிறே? 1964-ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துது. ஜப்பான்ல எல்லாருக்கும் உடம்பு மேல அக்கறை வந்துட்டுது. அடுத்த வருஷம், 1965-ல, யமாசாங்கிற கம்பெனி இடுப்புல மாட்டுற அடி எண்ணுற கருவி ஒண்ணை வித்துது. அதுக்குப் பேரு மான்போகே, பத்தாயிரம் அடி மீட்டருன்னு அர்த்தம். விக்கிறதுக்கு வச்ச பேருதான் இன்னைக்கு வேதமா நிக்குது. நம்ம ஊருக்கும் அது வந்து சேர்ந்துட்டுது. 2023 நவம்பர் 4-ந் தேதி நம்ம சர்க்காரு 'நடப்போம் நலம் பெறுவோம்'னு ஆரம்பிச்சு, எல்லா மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிச்சாங்களே, அதுவும் டோக்கியோவுல இருக்குற மாதிரி ஒண்ணைப் பார்த்துட்டு வந்து பண்ணினதுதான். 8 கிலோமீட்டர் நடந்தா ஏறக்குறைய பத்தாயிரம் அடி. நல்ல காரியம், நான் குத்தம் சொல்லல. மரத்தடியில நடந்தா யாருக்கு நஷ்டம்?

ஆனா ஹார்வர்டுல ஐ-மின் லீன்னு ஒரு அம்மா, வயசான பொம்பளைங்க பதினாறாயிரம் பேருக்கு மேல அடி எண்ணுற கருவியைக் கட்டிப் பார்த்து, 2019-ல எழுதியிருக்காங்க. தினம் 2,700 அடி நடந்தவங்களைவிட 4,400 அடி நடந்தவங்க சாவு குறைச்சலு. 7,500-க்கு மேல போனா கூடுதலா லாபம் ஒண்ணும் தெரியலையாம். அவங்க சராசரி வயசு எழுவத்திரண்டு. உனக்கு அந்த வயசு ஆகல, உன் முட்டிக்கு ஆயிட்டுது. அதனால 10,000 வரலையேன்னு ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கையைச் சுத்திச் சுத்தி நடக்காதே. பொண்டாட்டி பயந்துக்கப் போறா.

அடுத்தது நாடி. பட்டையைத் திருப்பிப் பாரு, அடிவயித்துல பச்சையா வெளிச்சம் மின்னும். ரத்தம் பச்சை வெளிச்சத்தைக் குடிச்சுக்கும். இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் தோலுக்குள்ள ரத்தம் கூடிக் குறையுறதால, திரும்பி வர்ற வெளிச்சமும் கூடிக் குறையும். அதை எண்ணித்தான் நாடியைச் சொல்லுது. இந்தக் கணக்கு ஓரளவு கண்ணால பார்த்து எழுதினது. ஆனா நீ பட்டைய வளையல் மாதிரி தொளதொளன்னு விட்டா வெளியே இருக்குற வெளிச்சம் உள்ளே பூந்து, அது பாட்டுக்கு எதையோ உளறும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரக்கடை மேல, ஆடாம அசையாம, ஆனா ரத்தம் கட்டாம கட்டணும். கையில பச்சை குத்தியிருந்தா அந்த இடத்துல கட்டாதே. உன் பழைய சிநேகிதி பேரு எந்தக் கையில இருக்குன்னு எனக்குத் தெரியும், அதனால மத்த கையில கட்டு.

கலோரிதான் சுத்தப் புளுகு. 2017-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க ஏழு கம்பெனி பட்டையை அறுவது பேரு கையில கட்டி, நடக்க விட்டு, ஓட விட்டு, சைக்கிள் மிதிக்க விட்டுப் பார்த்தாங்க. நாடிக்கணக்குல ஏழுல ஆறு, நூத்துக்கு அஞ்சுக்குள்ளதான் பிசகு. எரிச்ச கலோரிக்கணக்குல ஒண்ணுகூடத் தேறல. இருக்குறதுலயே யோக்கியமான பட்டை சராசரியா 27 சதவீதம் தப்பு. இருக்குறதுலயே மோசமானது 93 சதவீதம். மிராசு வீட்டுல இப்படி எழுதியிருந்தா கணக்குப்பிள்ளையக் கட்டி வச்சிருப்பாங்க. நீ என்னன்னா "முந்நூறு எரிஞ்சுட்டுது"ன்னு அது காட்டினதை நம்பி, திருவையாத்து அசோகா அல்வாவை இலையோட வழிச்சுத் திங்கப் போறே. பிட்ஸ்பர்க்குல இதைவிடக் கூத்து. பருமனான சின்ன வயசுக்காரங்க 471 பேருக்கு ரெண்டு வருஷம் சாப்பாட்டு யோசனையும் நடை யோசனையும் சொல்லி, பாதிப் பேருக்குப் பட்டையும் குடுத்தாங்க. 2016-ல கணக்கு வந்துது. பட்டை இல்லாதவங்களுக்கு 5.9 கிலோ குறைஞ்சுது, பட்டை கட்டினவங்களுக்கு 3.5 கிலோ. பட்டை இளைக்க வைக்கும்னு கடைக்காரன் சொன்னா இந்த ரெண்டு நம்பரையும் சொல்லிப் பாரு.

தூக்கத்தையும் எழுதுதாம். ஆஸ்பத்திரியில தூக்கத்தை அளக்கணும்னா தலையில கம்பி ஒட்டி மூளையைப் பார்ப்பாங்க. மணிக்கட்டுல இருக்குறவன் நீ புரளுறதையும் நாடியையும் வச்சு, "இது ஆழ்ந்த தூக்கம், இது கனவு"ன்னு ஊகிக்கிறான். எத்தனை மணிக்குப் படுத்தே, எத்தனை மணிக்கு எந்திரிச்சேங்கிறது வரைக்கும் சரி. அதுக்கு மேல அவன் சொல்றதை நம்பி, நல்லாத் தூங்கி எந்திரிச்சவன் நாள் பூரா கொட்டாவி விடாதே.

இப்ப சிரிக்காம ஒண்ணு சொல்றேன், கேளு. உன் மூணாவது படத்துல "ரத்தத்துல சர்க்கரை பார்க்கும், ஊசி குத்த வேண்டாம்"னு போட்டிருக்கு பாரு, அதைத் தொடாதே. அப்படிச் சொல்லி விக்கிற வாட்சையும் மோதிரத்தையும் நம்பாதீங்கன்னு அமெரிக்க மருந்துத் துறை 2024 பிப்ரவரியில எச்சரிக்கை விட்டிருக்கு. உங்க அம்மா இன்சுலின் போடுறவ. அது தப்பா ஒரு நம்பரைக் காட்டி, அவ அதைப் பார்த்து ஊசியைக் கூட்டிப் போட்டாலோ குறைச்சாலோ என்ன ஆவும்? பிரஷர் கதையும் அப்படித்தான். பிரஷர் காட்டுற பெரிய கம்பெனிக்காரனே, புஜத்துல கட்டிக் காத்தடிக்கிற மெஷினோட நாலு வாரத்துக்கு ஒருக்கா ஒத்துப் பார்க்கச் சொல்றான். அந்த மெஷின்தான் வீடு தேடியே வருதேப்பா! 'மக்களைத் தேடி மருத்துவம்'னு 2021 ஆகஸ்டுல தொடங்கினதுலேருந்து, வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் குடுத்துட்டுப் போறாங்க. காசு கிடையாது. சார்ஜும் போட வேண்டாம்.

சார்ஜுன்ன உடனே ஞாபகம் வருது. அஞ்சாவது படத்துல இருக்குற ஆப்பிள் வாட்சு ஒரு சார்ஜுல ஏறக்குறைய ஒரு நாளுதான் தாங்கும். சாதாப் பட்டைங்க பத்து நாளு, ரெண்டு வாரம்னு தாங்குது. தினம் கழட்டி வைக்கிறதைத் தினம் மறுபடி கட்டுற ஆளு நீ இல்ல. மூணாம் நாளு அலமாரியில கிடக்கும். இன்னொண்ணு, இந்தப் பட்டைங்களுக்குப் பெரும்பாலும் காந்தத்துல ஒட்டுற குட்டி வயரு தனியா வருது. போன் வயரு ஒத்து வராது. கல்யாண வீட்டுல அதைத் தொலைச்சீன்னா ஆன்லைன்ல சொல்லிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெட்டியில '5 ஏடிஎம்'னு போட்டிருக்கா பாரு. ஐம்பது மீட்டர் தண்ணி அழுத்தம் தாங்கும்னு சோதிச்சது, நீச்சலுக்குப் போதும். ஜூன் 12-ல மேட்டூர் அணையைத் திறந்து புது ஆத்துல தண்ணி வந்தா நீ குதிக்காம இருக்க மாட்டே. கடைக்குள்ள பளபளன்னு தெரியுற கண்ணாடி, உச்சி வெயில்ல வரப்புல நின்னா ஒண்ணும் தெரியாம போயிரும். வாங்குறதுக்கு முன்னாடி கடைவாசல்ல வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாரு, கடைக்காரன் முறைச்சா முறைக்கட்டும். ஜிபிஎஸ் பட்டைக்குள்ளயே இருக்கா, இல்ல உன் போன்கிட்ட கடன் வாங்குதான்னு கேளு. போனை மறந்துட்டு கக்கூசுக்குக்கூடப் போகாதவன் நீ, உனக்குக் கடன் வாங்குறதே போதும். மாசாமாசம் சந்தா கட்டினாத்தான் முழுக்கணக்கும் காட்டுவேன்னு சொல்ற கம்பெனியும் இருக்கு. கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் ஒரு தடவை குடுத்தாச்சுன்னு வந்துரு.

அவன் எழுதுற கணக்கு எங்க போவுதுன்னும் யோசி. நீ ஆசையா வாங்கிக் கட்டுற மாதிரி ஒண்ணை, சண்டிகர்ல துப்புரவுத் தொழிலாளிங்க கையில மாநகராட்சியே கட்டிவிட்டுது, எங்க நிக்கிறாங்கன்னு ஆபீஸ்லேருந்து பார்க்குறதுக்கு. அந்த சனங்க வேண்டாம்னு போராடினாங்க. உன் ஆபீஸ்ல பட்டைய இனாமாக் குடுத்தா, அதுல என்ன தெரியும், யாருக்குத் தெரியும்னு கேட்டுட்டு அப்புறம் கையை நீட்டு.

ஆக, ஒண்ணாவது படத்துல இருக்குற அந்தச் சாதாப் பட்டைய வாங்கு. மூவாயிரத்துக்கு மேல போகாதே. அடியும் நாடியும் பார்க்கும், பத்து நாளைக்கு சார்ஜு நிக்கும், தண்ணியில நனையலாம். நெஞ்சு படபடன்னா பட்டையப் பார்க்காம நேரே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போ. மிச்சப் பணத்துல நல்லதா ஒரு ஜோடி ஷூ எடு, நடக்குறது அதுலதான். பில்லைக் கேட்டு வாங்கு. வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷம்தான், பில்லு இல்லைன்னா அதுவும் கிடையாது.